பத்து சதவீதம் கழித்தால் போதுமா?



நீளமான பதிவு இது. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காபியோடு படியுங்கள். "எனக்கும் ஷேர் மார்க்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை" என்பவர்களும் படிக்கலாம். உங்கள் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி 2015 முதல் பங்குச் சந்தைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எஸ்.ஐ.பி. கட்டுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சென்ற வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு கம்பெனியைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கை சுற்றியது. கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. இருபது பக்கம், கலர் கலராக வரைபடம். விற்பனை எவ்வளவு வளரும், இலாபம் எவ்வளவு வளரும், ஐந்து வருடத்தில் பங்கு விலை எங்கே நிற்கும் என்று பைசா சுத்தமாகக் கணக்கு. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: கம்பெனியின் பணம் நிறுவனர் குடும்பத்துக்குச் சொந்தமான வேறு கம்பெனிகளுக்குக் கடனாகப் போயிருக்கிறது, எனவே "கார்ப்பரேட் கவர்னன்ஸ் குறைபாட்டுக்காக மதிப்பில் 10 சதவீதம் கழிக்கப்பட்டுள்ளது."

இந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இதே துறையில் நல்ல நிலையில் இருக்கும் என் மாணவர் ஒருவர் பதில் போட்டார்: "சார், கவர்னன்ஸ் எல்லாம் பரீட்சைக்கு அஞ்சு மார்க் கேள்வி. மார்க்கெட்டுக்கு வேண்டியது நம்பர்." பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அதில் மூன்று பேர் ஓய்வுபெற்ற பணத்தை அப்படியே டீமேட் கணக்கில் வைத்திருப்பவர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழுவில் நாலு வரியில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். நிர்வாக நேர்மை என்பது மதிப்பைக் கணக்குப் போட்டு முடித்த பிறகு, கடைக்காரர் தள்ளுபடி போடுவதுபோலக் கழிக்கிற விஷயம் கிடையாது. கணக்கின் முதல் வரியே அதுதான். அது சரியில்லாத இடத்தில் மீதி இருபது பக்கமும் வெறும் காகிதம்.

முதலில் நாம் படித்த பாடத்திலிருந்தே வருகிறேன். பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் நற்பெயர் மதிப்பீடு என்று ஒரு பகுதி வரும். சராசரி இலாப முறை, உயர் இலாப முறை, மூலதனமாக்கல் முறை. கரும்பலகையில் எத்தனை முறை போட்டிருப்பேன்! மூலதனமாக்கல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனிக்கு வருடம் 10 கோடி இலாபம். அந்தத் தொழிலில் பணம் போடுகிறவர் நூற்றுக்கு 12.50 ஆதாயம் எதிர்பார்க்கிறார். பத்தை நூறால் பெருக்கி 12.5ஆல் வகுத்தால் 80 கோடி. இதுதான் கம்பெனியின் மதிப்பு. இன்றைய அனலிஸ்டுகள் எக்செல் ஷீட்டில் பத்து வருடத்துக்கு நீட்டிப் போடுகிற கணக்கும் அடிமடியில் இதே சங்கதிதான். மேலே, முதலீட்டாளருக்காக வரப்போகும் பணம். கீழே, அது வராமல் போகும் ஆபத்துக்கு ஏற்ற விகிதம்.

இப்போது அந்தக் கம்பெனியின் தலைவர் தன் மருமகனின் கம்பெனியிடமிருந்து சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்துச் சரக்கு வாங்குகிறார் என்று வையுங்கள். அதில் வருடம் 2 கோடி போகிறது. இலாபம் 8 கோடி. மதிப்பு 64 கோடி.

விஷயம் வெளியே கசிகிறது. கடன் கொடுப்பவர் வட்டியைக் கூட்டுகிறார். பணம் போடுகிறவர், "இந்த ஆளிடம் போடுவதற்கு நூற்றுக்கு 16ஆவது வேண்டும்" என்கிறார். 8 கோடியை நூறால் பெருக்கி 16ஆல் வகுங்கள். 50 கோடி.

அடுத்து ஒரு சந்தேகம் வருகிறது. மருமகனுக்குக் கொடுத்ததை மறைத்தவர் மற்றதை மறைக்க மாட்டாரா? அந்த 8 கோடியாவது நிஜமா? பாதிதான் நிஜம் என்றால் மதிப்பு 25 கோடி.

80 கோடி 25 கோடியானது. இயந்திரம் அதே இயந்திரம், தொழிலாளி அதே தொழிலாளி, வாடிக்கையாளரும் அவர்களேதான். பத்து சதவீதம் கழிக்கிறவர் 72 கோடி என்று அறிக்கை எழுதியிருப்பார். ஏன் இந்த வித்தியாசம்? நேர்மைக் குறைவு மேலே இருக்கும் எண்ணையும் தொடுகிறது, கீழே இருக்கும் எண்ணையும் தொடுகிறது, எண்களை நம்பலாமா என்பதையும் தொடுகிறது. மூன்றும் ஒன்றை ஒன்று பெருக்கும். கடைசியில் ஒரு முறை கழித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது.

"இது நீங்கள் கற்பனையாகப் போட்ட கணக்கு சார்" என்பீர்கள். சரி, நிஜக் கணக்குக்கு வருகிறேன். ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். நாற்பது வயதைத் தாண்டிய என் மாணவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தால் வீட்டில் பாயசம் வைத்த காலம் அது. இளையவர்களுக்குப் பெயர் மட்டும் தெரிந்திருக்கலாம். "பெரிய மோசடி, ராஜு ஜெயிலுக்குப் போனார்" என்பதோடு அந்தக் கதையை முடித்துவிடுகிறோம். மதிப்பீடு படிக்கிறவர்கள் அதில் மூன்று தேதிகளை மனப்பாடம் செய்ய வேண்டும்.

முதல் தேதி, 2008 டிசம்பர் 16. சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு. மேடாஸ் பிராபர்டீஸ், மேடாஸ் இன்ஃப்ரா என்று இரண்டு கம்பெனிகள்; ராஜுவின் மகன்கள் நடத்தியவை. சத்யம் என்ற பெயரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து படித்தால் மேடாஸ். ஒன்று மனை, கட்டடத் தொழில். இன்னொன்று சாலை, பாலம் வகையறா. இவற்றை சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க சத்யத்தின் இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தது. மென்பொருள் கம்பெனி தன் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் போட்டுத் தலைவரின் பிள்ளைகளுடைய ரியல் எஸ்டேட்டை வாங்குகிறது. அமெரிக்கச் சந்தையில் சத்யத்தின் பங்குச் சீட்டு அன்றே பாதிக்கு மேல் விழுந்தது. முதலீட்டாளர்கள் போட்ட கூச்சலில் சில மணி நேரத்துக்குள் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்ட பிறகும் மறுநாள் இந்தியச் சந்தையில் பங்கு சுமார் 30 சதவீதம் விழுந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அன்றைக்குக் கணக்கில் மோசடி இருப்பது வெளியில் யாருக்கும் தெரியாது. விற்பனை குறையவில்லை, வாடிக்கையாளர் யாரும் அன்று விலகவில்லை, இலாபத்தில் ஒரு ரூபாய் மாற்றம் இல்லை. மேடாஸை வாங்கவும் இல்லை. பணம் பெட்டியிலேயே இருப்பதாகத்தான் எல்லோரும் நம்பினார்கள். என் மாணவர் சொல்லும் "நம்பர்" ஒன்றுகூட மாறவில்லை. ஒரே ஒரு செய்திதான் புதிது: இந்தப் பணத்தை இந்த மனிதர் யாருக்காகச் செலவு செய்வார் என்பது. அந்த ஒரு செய்திக்குச் சந்தை வைத்த விலை, கம்பெனி மதிப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அஞ்சு மார்க் கேள்வியாம்!

இரண்டாவது தேதி, 2009 ஜனவரி 7. ராஜு இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்ட நாள். 2008 செப்டம்பர் இறுதி இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று காட்டியிருந்தார்கள். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. இல்லாத பணத்துக்கு வந்ததாகச் சொன்ன வட்டி 376 கோடி. காட்டாமல் விட்ட கடன் 1,230 கோடி. கடனாளிகளிடம் வர வேண்டியதாக அதிகப்படுத்திக் காட்டியது 490 கோடி. அந்தக் காலாண்டு விற்பனை 2,700 கோடி, செயல்பாட்டு இலாபம் 649 கோடி என்று அறிவித்திருந்தார்கள். நிஜம் 2,112 கோடியும் 61 கோடியும். அதாவது 24 சதவீத இலாபம் என்று காட்டிய இடத்தில் இருந்தது 3 சதவீதம். மேடாஸை வாங்க முயன்றதே, இல்லாத சொத்தின் இடத்தில் இருக்கிற சொத்தை வைத்து ஓட்டையை அடைப்பதற்கான கடைசி முயற்சி என்றும் அதே கடிதம் சொன்னது. முந்தைய நாள் 179 ரூபாய் அளவில் இருந்த பங்கு அன்று 40 ரூபாய் அளவுக்கு வந்தது.

இப்போது டிசம்பரில் ஒருவர் அந்தப் பங்கை மதிப்பிட்டிருந்தால் எப்படிப் போட்டிருப்பார் என்று யோசியுங்கள். மொத்தம் சுமார் 67 கோடி பங்குகள். கையிருப்பு 5,361 கோடி என்றால் பங்கு ஒன்றுக்குச் சுமார் 80 ரூபாய் ரொக்கமாகவே இருக்கிறது. பங்கு விலை 180 என்றால், தொழிலுக்கு நாம் கொடுப்பது வெறும் 100. "அடிமாட்டு விலை சார், கவர்னன்ஸுக்குப் பத்து சதவீதம் கழித்தாலும் லாபம்தான்!" கூட்டல் சரி, வகுத்தல் சரி, முறை சரி. விடைத்தாளாக வந்திருந்தால் நானே முழு மதிப்பெண் போட்டிருப்பேன். கேள்வித்தாளில் கொடுத்த எண்கள் பொய் என்றால் விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூன்றாவது தேதி, 2009 ஏப்ரல் 13. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியம். ராஜுவின் கடிதம் வந்த இரண்டே நாளில் மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவை நீக்கிவிட்டுப் புதிய குழுவை அமைக்கத் தொடங்கியது. தீபக் பாரேக், கிரண் கார்னிக், சி. அச்சுதன், பிறகு தருண் தாஸ், எஸ். பாலகிருஷ்ண மைனக், நம் சென்னை ஆடிட்டர் டி.என். மனோகரன். அரசு கஜானாவிலிருந்து பணத்தைக் கொட்டி அந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தவில்லை. கொடுத்தது நம்பக்கூடிய ஆறு மனிதர்களை. அவர்கள் சம்பளம் போட வழி பார்த்தார்கள், வாடிக்கையாளர்களிடம் பேசினார்கள், வெளிப்படையாக ஏலம் நடத்தினார்கள். டெக் மஹிந்திரா பங்குக்கு 58 ரூபாய் கொடுத்து, 31 சதவீதப் பங்கை 1,757 கோடிக்கு எடுத்தது.

கவனியுங்கள். அப்போதும் திருத்தப்பட்ட கணக்கு யார் கையிலும் இல்லை. அது வெளியானது 2010 செப்டம்பரில்தான். ஜனவரியில் 40 ரூபாய்க்கும் வாங்க ஆள் இல்லை என்று ஓடியவர்கள் இருக்க, ஏப்ரலில் கணக்கே இல்லாத கம்பெனிக்கு ஒருவர் 58 ரூபாய் எழுதிக் கொடுக்கிறார். இடையில் என்ன மாறியது? புதிய தொழிற்சாலை வந்ததா? இல்லை. பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது மாறியது. 2013இல் சத்யம் டெக் மஹிந்திராவோடு இணைந்தது. அந்தப் பொறியாளர்களின் உழைப்பு ஒருநாளும் பொய்யாக இருந்ததில்லை. பொய் மேல்மாடியில் இருந்தது.

ஆக, நேர்மை குறைந்ததும் மதிப்பு விழுந்தது. பொய் வெளியானதும் நொறுங்கியது. நம்பிக்கையான ஆட்கள் வந்ததும் கொஞ்சம் எழுந்தது. நான்கு மாதத்துக்குள் மூன்று சோதனையும் ஒரே கம்பெனியில் நடந்து முடிந்தது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

இனி, வழக்கமாக வரும் மறுப்புகள்.

"சார், சத்யத்திடம் கவர்னன்ஸ் எல்லாம் இருந்ததே! விருதுகூட வாங்கினார்களே?" நல்ல கேள்வி. 2008 செப்டம்பரில் கார்ப்பரேட் கவர்னன்ஸுக்காகவே கோல்டன் பீகாக் விருது வாங்கினார்கள். பின்னால் அது பறிக்கப்பட்டது. 2001 முதல் நியூயார்க் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி. தணிக்கை செய்தது உலகப் பெயர் பெற்ற பிரைஸ் வாட்டர்ஹவுஸ். வெளி இயக்குநர்களில் ஒருவர் ஹார்வர்டு பேராசிரியர் கிருஷ்ண பலேபு. நிதி அறிக்கைகளைக் கொண்டு கம்பெனிகளை மதிப்பிடுவது எப்படி என்ற பாடநூலை எழுதியவர்களில் ஒருவர். அந்த வெளி இயக்குநர்கள் மோசடியில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அல்ல. டிசம்பர் கடைசியில் நான்கு பேர் ராஜினாமா செய்தார்கள். ஆனாலும் மேடாஸ் தீர்மானம் அந்தக் குழுவைத் தாண்டித்தான் வந்தது.

இதிலிருந்து "கவர்னன்ஸ் வெறும் பேச்சு" என்று முடிவு கட்டுவது தவறு. அவர்களிடம் இருந்தது நேர்மையின் சான்றிதழ், நேர்மை இல்லை. பள்ளியில் ஆய்வாளர் வரும் நாளன்று மட்டும் வகுப்பறையைச் சுண்ணாம்பு அடித்து வைப்போமே, அந்த மாதிரி. ஆய்வாளர் அறிக்கை நன்றாக வரும். பையன் ஃபெயில் ஆவான். விருதையும் பெரிய பெயர்களையும் பார்த்து ஏமாறாதீர்கள் என்பதுதான் சத்யம் சொன்னது. பெட்டியைப் பார்க்காதீர்கள் என்று அது சொல்லவில்லை.

"சார், முதலாளி கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருப்பார். அவர் வளர்த்த கம்பெனி." இந்த "முதலாளி" என்ற வார்த்தைதான் நம் ஊரில் பாதிக் கேடு. பட்டியலிடப்பட்ட கம்பெனிக்குத் தனி முதலாளி யாரும் கிடையாது. முதல் போட்டவர்கள் அத்தனை பேரும் முதலாளிகள். சத்யத்தில் ராஜு குடும்பத்தின் பங்கு கடைசி ஆண்டுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவு. அதையும் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். விலை விழுந்ததும் கடன் கொடுத்தவர்கள் விற்றுவிட்டார்கள். நூறில் தொண்ணூறு ரூபாய் ஊராரின் பணம். அதை எடுத்துத்தான் மகன்களின் கம்பெனியை வாங்கப் பார்த்தார். நம் கோயில் உண்டியலை எண்ணுகிறவர் அதிலிருந்து மகளுக்குக் கல்யாணம் செய்தால் "அவர் வளர்த்த கோயில்" என்று விட்டுவிடுவோமா?

"செபி இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள்." பார்த்துக்கொண்டார்கள், எப்போது? ராஜு ஒப்புக்கொண்டது 2009இல். ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து ஏழு ஆண்டு தண்டனை கொடுத்தது 2015 ஏப்ரலில். அடுத்த மாதமே தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது. தணிக்கை நிறுவனத்துக்குச் செபி இரண்டு ஆண்டு தடை விதித்தது 2018 ஜனவரியில். 2019 செப்டம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தடையை ரத்து செய்தது. குற்றவாளியே கைப்பட எழுதிக் கொடுத்த வழக்கின் வேகம் இது.

பணம் போனவர்களின் கதை இன்னும் மோசம். அமெரிக்கச் சந்தையில் சத்யம் வாங்கியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2011இல் சத்யம் 12.5 கோடி டாலரும், தணிக்கைத் தரப்பு 2.55 கோடி டாலரும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். அதே கம்பெனியின் பங்கை நம் ஊரில் வாங்கிய ஓய்வூதியக்காரருக்கு அப்படிக் கூட்டாக வழக்குப் போடும் பிரிவே அன்றைய கம்பெனிச் சட்டத்தில் இல்லை. 2013 சட்டத்தின் 245ஆம் பிரிவில்தான் அது வந்தது. சட்டம் பிறகு திருந்தியது உண்மை. தணிக்கையாளரைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்று வந்தது. சொந்தக்காரர் கம்பெனியோடு பெரிய பேரம் என்றால் சம்பந்தப்பட்டவர் ஓட்டுப் போடக் கூடாது என்று வந்தது. நிறுவனர்கள் பங்கை அடமானம் வைத்தால் வெளியே சொல்ல வேண்டும் என்று சத்யம் வெடித்த அதே மாதம் செபி விதி கொண்டுவந்தது. எல்லாம் நல்லது. ஆனால் இவை அனைத்தும் உங்கள் கையில் கொடுக்கப்பட்ட தகவல்கள், உரிமைகள். நீங்கள் பார்க்காவிட்டால் அவை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

"அப்படிப்பட்ட கம்பெனியில்தான் சார் நான் மூன்று வருடத்தில் பணத்தை இரட்டிப்பாக்கினேன்." இருக்கலாம், மறுக்கவில்லை. சத்யத்தில்கூட 2007இல் வாங்கி விற்று லாபம் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். விலை ஏறுவது வேறு, மதிப்பு இருப்பது வேறு. விலை ஏறும்போது வெளியே வந்தவர், அதே பொய்யை இன்னொருவர் தலையில் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த இன்னொருவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது. பெரும்பாலும் அவர் கடைசியில் கேள்விப்பட்டு, கடைசியில் வாங்கி, மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த பணத்தைப் போட்டவராகத்தான் இருப்பார். அவர் இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். சிரிப்புப் பொம்மை போட்டவர்களுக்காக நான் கவலைப்படுவது அதனால்தான்.

இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் கம்பெனி பங்கே வேண்டாம்" என்று ஓடவும் வேண்டாம். நேர்மையாக நடத்தப்படும் கம்பெனிகள் இருக்கின்றன. பங்குதாரர்கள் கண் விழித்திருந்தால் பெரிய இடமும் இறங்கி வரும். 2021 ஆகஸ்டில் ஐஷர் மோட்டார்ஸ், நம் திருவொற்றியூர் புல்லட்டைச் செய்யும் ராயல் என்ஃபீல்டின் தாய்க் கம்பெனி, நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலின் மறுநியமனத்தையும் சம்பளத்தையும் ஒரே தீர்மானமாகக் கொண்டுவந்தது. தேவையான 75 சதவீத ஓட்டு கிடைக்காமல் தீர்மானம் தோற்றது. கம்பெனியில் மோசடி எதுவும் இல்லை. சம்பள உயர்வு அதிகம் என்று முதலீட்டாளர்கள் நினைத்தார்கள், அவ்வளவுதான். சம்பள வரம்பைக் குறைத்துக்கொண்டு மறுபடியும் வந்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. இதற்குப் பெயர்தான் நிர்வாக நேர்மையைப் பங்குதாரர் காப்பாற்றுவது.

சரி, நாம் என்ன பார்ப்பது? கணக்குப்பதிவியல் படித்த எவரும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடக்கூடியவற்றைச் சொல்கிறேன். இலாபக் கணக்கைத் திறப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

1. ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் "தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள்" என்ற குறிப்பு இருக்கும். கம்பெனியின் பணம் தலைவரின் மனைவி, மகன், மருமகன், அவர்களுடைய கம்பெனிகள் பக்கம் எவ்வளவு போகிறது, கடனா, வாடகையா, ஆலோசனைக் கட்டணமா என்று அங்கே எழுதியிருக்கும். வருடா வருடம் கூடிக்கொண்டே போனால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

2. இலாபத்தையும் ரொக்க ஓட்ட அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐந்து வருடத்தில் 500 கோடி இலாபம், தொழிலிலிருந்து வந்த ரொக்கம் 100 கோடி என்றால் மீதி எங்கே என்று கேளுங்கள். கடனாளிகள் எண் விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா என்றும் பாருங்கள்.

3. கை நிறைய ரொக்கம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே கடனும் வாங்கிக்கொண்டிருக்கும் கம்பெனியிடம் ஜாக்கிரதை. வந்த வட்டியை ரொக்க இருப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புத் தனிவட்டிக் கணக்குதான். இருப்பும் வட்டியும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று விளக்கம் இருக்க வேண்டும். ஆனால் சத்யத்தில் வட்டியையும் சேர்த்தே ஜோடித்திருந்தார்கள் என்பதை மறக்காதீர்கள். ஒரு சோதனையில் தேறிவிட்டால் போதாது; எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4. பங்கு அடமானம். பி.எஸ்.இ., என்.எஸ்.இ. இணையதளங்களில் ஒவ்வொரு காலாண்டும் வெளியாகும் பங்குடைமைப் பட்டியலில் இருக்கும். நிறுவனரே தன் பங்கை வட்டிக் கடையில் வைத்திருக்கிறார் என்றால், விலை விழாமல் பார்த்துக்கொள்வது அவருக்கு வாழ்வா சாவா பிரச்சினை. அந்த நெருக்கடியில் இருப்பவர் எழுதும் கணக்கை இரண்டு முறை படியுங்கள்.

5. ஆடிட்டர் பாதியில் விலகினாரா? நிதி அலுவலர் இரண்டு வருடத்துக்கு ஒருவர் மாறுகிறாரா? "சொந்தக் காரணங்களுக்காக" என்ற வார்த்தை அடிக்கடி வருகிறதா?

6. ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள், மின் வாக்கெடுப்புக்கு மின்னஞ்சல் வரும்போது அழிக்காதீர்கள். கைப்பேசியிலேயே ஓட்டுப் போடலாம். நூறு பங்கு வைத்திருந்தால் நூறு ஓட்டு.

இந்த ஆறிலும் தேறிய பிறகுதான் எக்செல்லைத் திறக்க வேண்டும். தேறாத கம்பெனிக்கு எத்தனை சதவீதம் கழிக்கலாம் என்று யோசிக்காதீர்கள், விட்டுவிடுங்கள். நாட்டில் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. உங்கள் ஓய்வூதியப் பணம் ஒன்றுதான் இருக்கிறது.

இந்தத் துறையில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தம்பிகளே, தங்கைகளே, உங்கள் அறிக்கையைப் பார்த்துப் பணம் போடுகிறவர் கடைசிப் பக்கப் பொடி எழுத்தைப் படிப்பதில்லை. கம்பெனிப் பணம் குடும்பத்துக்குப் போவது உங்களுக்குத் தெரிந்தால் அதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். "போட்டால் மேலதிகாரி திட்டுவார், கம்பெனிக்காரர் அடுத்த முறை கூப்பிட மாட்டார்" என்பது எனக்கும் தெரியும். அதைப் போடாமல் விடுவதும் நான் மேலே சொன்ன அதே நிர்வாக நேர்மைக் குறைவுதான். அது ராஜுவோடு தொடங்கவுமில்லை, அவரோடு முடியவுமில்லை. நற்பெயரை மதிப்பிட மூன்று முறைகள் சொல்லிக் கொடுத்தேன். அதைச் சம்பாதிக்க ஒரே வழிதான் உண்டு, உங்களுக்கே தெரியும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆண்டறிக்கையில் ஒரு குறிப்பு புரியவில்லை என்று பக்க எண்ணோடு கேளுங்கள். எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் உட்கார்ந்து விளக்குகிறேன். பகிர விரும்புகிறவர்கள் அனுமதி கேட்க வேண்டாம்.